வேடியப்பன் நிலத்துத் தேக்கு

ஆரணி,
12-9-2025

அன்பு மகள் அன்புச்செல்விக்கு, அப்பா ஜீவானந்தம் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ பூனாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பட்டுத் தறிக்குத் தார் சுற்றும் வேலைக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டாள். இப்போதும் அங்கேதான் போயிருக்கிறாள். இரண்டு நாளாக நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

வாரா வாரம் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும் வேறு எதையாவது பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. ரோட்டில் நடந்துகொண்டு படிக்காதே.

நான் அனுப்பிய அந்த மூன்று தேக்கு வட்டுகளும் வேடியப்பன் நிலத்து மரத்தில் அறுத்தவை இல்லை. அவை ஜவ்வாது மலை மரமே இல்லை. நம் மரம் அறுக்கும் மில்லுக்குக் கேரளாவிலிருந்து ஏலத்தில் வந்த தேக்கு.

எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

போன வருடம் வைகாசியில் நீ உன் கூட்டாளிகளோடு மலைக்கு வந்து, திருகு கம்பியால் மரங்களில் துளை போட்டு, பென்சில் கனத்துக்குக் குச்சி குச்சியாக உருவி எடுத்துக்கொண்டு போனாய். திரும்பும் வழியில் நம் மில்லுக்கு வந்து ஒரு பலகையில் விரலை வைத்துக் காட்டினாய். மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் அகலமாக இருக்கும், பஞ்ச வருடம் நெருக்கமாக இருக்கும், ஒரு மரத்து நெருக்கத்தை இன்னொரு மரத்தோடு பொருத்திப் பொருத்தி நூறு வருடத்து மழையைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாய். முப்பது வருடமாக மரம் அறுக்கிறேன். அந்தக் கோடுகளைப் பார்த்திருக்கிறேனே தவிர அதில் இப்படி ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது. முதலாளி சம்பந்தம் ஐயா வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு நீ பேசியதைக் கேட்டார். அன்று எனக்கு மெஷின் பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது, அவ்வளவு பெருமை.

ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் வேடியப்பன் என்பவருடைய பட்டா நிலத்தில், அவர் பாட்டன் காலத்துத் தேக்கு மூன்று, காற்றில் சாய்ந்து கிடக்கின்றன என்று அப்புறம் போன் பண்ணினாய். அனுமதிக் கடிதம் வாங்கி அனுப்பினாய். “அப்பா, அடிமரத்துல குறுக்கால ஒவ்வொரு வட்டு அறுத்து அனுப்பினா போதும், உங்கள வுட்டா யாரு நேரா அறுப்பாங்க” என்றாய். இந்த வாரமே போகிறேன் என்றேன்.

போனேன். அது பொய்யில்லை. முதலாளியிடம் கை ரம்பம் கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றிக்கொண்டு, போளூரில் பஸ் மாறி ஏறினேன். மலை ஏறுகிற இடத்தில் உள்ள சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. வனத்துறைக்காரர் ஒருவர் ஏறினார். எனக்கு முன் சீட்டில் இருந்தவரைப் பார்த்து, “மூட்டையில இன்னாபா?” என்று கேட்டார். “பலாப்பழம் சார்” என்றார் அவர். என்னை அவர் கேட்கக்கூட இல்லை. என் சட்டைப் பையில் நீ அனுப்பிய கடிதம் இருந்தது. ஆனாலும் சாக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். கண்டக்டரிடம் வாந்தி வருகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். பஸ் மலை ஏறிப் போகிற வரைக்கும் புளியமரத்தின் பின்னால் நின்றேன். பிறகு எதிரே வந்த வண்டியில் ஊருக்குத் திரும்பினேன்.

ஏன் என்று கேட்பாய். இது உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. எனக்கு இருபத்து மூன்று வயதில், நீ பிறப்பதற்கு முன்னால், அந்த மலையில் சந்தன மரம் வெட்டப் போனேன். ஒரு புரோக்கர் எங்கள் காலனியிலிருந்து பதினோரு பேரைக் கூட்டிப்போனான். அறுவடை முடிந்து வேலை இல்லாத நேரம். அதைக் காரணமாகச் சொல்லவில்லை, காலனியில் போகாதவர்களும் இருந்தார்கள். மூன்று மரம் வெட்டினேன். நான்காவது நாள் அதே சோதனைச் சாவடியில் பிடிபட்டோம். சட்டையில்லாமல் வரிசையாக உட்கார வைத்து, வெட்டிய கட்டைகளை முன்னால் அடுக்கிப் போட்டோ எடுத்தார்கள். ஏழு மாதம் ஜெயில். ஜீவானந்தம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான் என்று உன் தாத்தா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். நானும் பிறகு அதையே சொல்லிக்கொண்டேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, “எங்கப்பா பெங்களூர்ல பெரிய பெரிய பில்டிங் கட்டியிருக்காரு” என்று உன் சிநேகிதிகளிடம் சொல்வாய். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மலையிலிருந்து பாதியில் திரும்பி வந்ததை உன்னிடம் சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வேறு ஆளை அனுப்பு என்றாவது சொல்லியிருக்கலாம். நீ முதன்முதலில் என்னிடம் ஒரு வேலை கேட்டிருந்தாய். உன் படிப்புக்கு என்னால் ஆகிற காரியம் என்று ஒன்று வந்ததே அதுதான். அதையும் என்னால் முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மில்லில் கேரளத்துக் கட்டை மூன்று கிடந்தன. அடியில் ஏல டிப்போவின் சுத்தியல் முத்திரையும் சிவப்புப் பெயிண்டில் எண்ணும் இருந்தன. முத்திரை விழுந்த பக்கத்தை முதலில் ஒரு துண்டு அறுத்து விறகில் போட்டேன். அதற்கு அடுத்த துண்டை வட்டாக அறுத்தேன். இப்படி மூன்று. அவசரத்தில் செய்தது என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். யோசித்துத்தான் செய்தேன். பென்சிலால் ‘வேடியப்பன் நிலம் 1, 2, 3’ என்று எழுதி, பார்சல் போட்டேன். தேக்கு தேக்குதானே, எங்கே வளர்ந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை என்று நீ விரலை வைத்துக் காட்டியிருந்தாய், எனக்குத் தெரியும்.

அதற்கு மேல் பொய்யை வளர்த்தேன். மலையில் குளிர் தாங்கவில்லை என்றேன். வேடியப்பன் சாமைச் சோறு போட்டார் என்றேன். நீ, “நல்ல மனுசன்ல அவரு” என்று சந்தோஷப்பட்டாய்.

அந்த மூன்று வட்டும் மற்ற மரங்களோடு பொருந்தவில்லை என்று மாசி மாதம் சொன்னாய். நம் பக்கம் வறண்ட வருடங்களில் இவற்றில் வளையம் அகலமாக இருக்கிறதே, மலையின் அந்தச் சரிவில் மட்டும் தனியாக மழை பெய்திருக்குமோ என்று உன் ஆராய்ச்சியில் ஒரு அத்தியாயமே எழுதுவதாகச் சொன்னாய். “நீங்களே நேர்ல அறுத்தீங்களாப்பா?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். வெவ்வேறு நாளில் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. வட்டு மாறியிருக்குமோ என்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் சந்தேகப்பட்டாராம். நீ அவரிடம், “எங்கப்பா அறுத்தது சார், அதுல சந்தேகமே வேணாம்” என்றாயாம். எல்லார் முன்னாலும் சொன்னாயாம். அடுத்த மாதம் வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் இதையே பேசப்போகிறேன் என்றாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு மறுபடி மலைக்குப் போனேன். சாவடியில் நானாகவே பஸ்ஸை விட்டு இறங்கினேன். மேசையில் உன் வயதுள்ள பெண் ஒருத்தி சீருடையில் இருந்தாள். சாக்கை அவிழ்த்துக் காட்டி, “ரம்பம்தாம்மா. என் பொண்ணு ஆராய்ச்சிக்கு மரம் அறுக்கப் போறேன்” என்றேன். கடிதத்தைப் படித்தாள். “தேதி பழசா இருக்குதே” என்று யாருக்கோ போன் போட்டுக் கேட்டாள். பிறகு, “சரி, போய்ட்டு வாங்க. திரும்பி வர்றப்ப அறுத்த வட்டக் காமிச்சிட்டுப் போங்க” என்றாள். அவ்வளவுதான்.

வேடியப்பனைப் பார்த்தேன். “வருசத்துக்கு மேல ஆவுது, இப்பத்தான் வர்றியா? ரெண்டு மரம் வித்துட்டேன். ஒண்ணுதான் கெடக்குது” என்றார். அவர் கொடுத்தது கடுங்காப்பி. அந்த ஒரு மரத்தில் வட்டு அறுத்தேன். நடுவில் பொந்து. உள்ளே கறையான் அரித்துவிட்டது. வெளிப்புறம் ஒரு அறுபது எழுபது வளையம் தேறலாம். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். நான் அறுக்கும்போது வேடியப்பன் தன் போனில் எடுத்த படத்தையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். என் வார்த்தையை மட்டும் நம்பு என்று கேட்க எனக்கு இனி வாயில்லை.

உங்கள் சாரிடம் அப்பா ஏமாற்றிவிட்டார் என்றே சொல். அப்பாவுக்கு விவரம் தெரியாது, படிக்காதவர் என்று மழுப்பாதே. வேண்டுமென்றால் பூனாவுக்கு வந்து நானே அவர் முன்னால் நின்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன். கூப்பிட்டால் அம்மாவிடம் பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜீவானந்தம்

*

ஆரணி,
3-11-2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேற்று நீ, “அப்பாகிட்ட குடும்மா” என்று சொன்னதும் அம்மா போனை என் காதில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆறு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என்னிடம் பேசியது.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாய் என்றாய். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் பேசுகிற வாய்ப்பு வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்றாய். பட்டம் வாங்க இன்னும் ஒரு வருடம் ஆகும். சார் திட்டினாரா என்று கேட்டேன். “திட்டல. என்னை நம்பறதுக்கு முன்னாடி யோசிக்கறாரு” என்றாய். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னால் உன் வார்த்தைக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொந்து விழுந்த அந்த வட்டு மற்ற மரங்களோடு சரியாகப் பொருந்துகிறது என்று கடைசியில் சொன்னாய். அம்மாவிடம் சொன்னேன். அவள், “நெசம்னா பொருந்தாம இன்னா செய்யும்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இந்த ஒன்றரை மாதமாக அவள் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். ஜெயிலுக்குப் போனவனைக் கட்டிக்கொண்டதற்கு அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பிள்ளையிடம் பொய் சொன்னவனோடு இருக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது போலும்.

“ஜெயிலுக்குப் போனத ஏம்பா எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பயந்துகொள்வாய் என்று சொல்லவில்லை. பத்தாவது படிக்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது நீ மரம், செடி என்று படிக்க ஆசைப்பட்டாய். கல்லூரியிலும் அதையே எடுத்தாய். வனத்துறை அதிகாரிகளோடு ஜீப்பில் உட்கார்ந்து போட்டோ அனுப்பினாய். நீ காட்டுக்குள் போகப் போக, எனக்குச் சொல்கிற தைரியம் குறைந்துகொண்டே வந்தது. மரம் திருடியவன் மகள் என்று யாராவது உன்னைச் சொல்லிவிட்டால்? அதுதான் பயம். ஆனால் அது மட்டும்தான் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

தை மாதம் நீ மலைக்கு வருகிறாய், அங்கே முதலிலிருந்து எல்லா மரத்திலும் மறுபடி எடுக்கப் போகிறாய், நானும் கூட வர வேண்டும் என்றாய். இரண்டு முறை சொன்னாய், அதனால் சும்மா சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். அவருடைய கட்டையிலிருந்து முத்திரையை அறுத்தெறிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். “போய்ட்டு வா” என்றார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன்னோடு அதிகாரிகள் வருவார்கள், உங்கள் சார் வருவார், உன்னோடு படிப்பவர்கள் வருவார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறேன். யார் இவர் என்று யாராவது கேட்டால், ஆரணி மில்லில் மரம் அறுப்பவர் என்று சொன்னால் போதும். அது உண்மைதான். எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இருக்காது.

அவர்கள் எல்லாரும் இருக்கும்போதே நீ ‘அப்பா’ என்று கூப்பிட்டால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் எனக்குக் கேட்கும் கண்ணு.

என்றும் உன் நலம் நாடும்,
ஜீவானந்தம்