பச்சைச் சால்வையில் வந்தவள்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்றே மனதைத் தேற்றிக்கொள்கிறோம். என் இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம், வரும் இருபதாம் தேதி வலது கண்ணில் அறுவை சிகிச்சை, மறுநாளே கட்டைப் பிரித்துவிடுவார்கள். கால் மணி நேர வேலை என்கிறார் டாக்டர், இதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டாம். சலவைக் கூடத்தில் என்னை இஸ்திரி மேசையிலிருந்து மடிப்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள், விரிப்பு மடிக்கக் கண் எதற்கு, விரல் போதும். வேலை மிஞ்சினால் வீட்டுக்கும் எடுத்து வருகிறேன். மாலையில் நான் மடிக்க, நீ விட்டுப்போன பெட்டியிலிருந்து தங்கை புத்தகம் வாசிக்கிறாள், பொழுது போகிறது. இருமலோடு குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே. நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. அம்மா.

அக்கா, கோணலாகச் சரிந்து இறங்கும் அந்தக் கையெழுத்து அம்மா தானே போட்டது. இது தாளின் மறுபக்கம், இது அவளுக்குத் தெரியாது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் அணைத்துவிடுகிறேன், அதனால் வரி மேலும் கீழும் போயிருக்கும். ஒரு தப்பு செய்துவிட்டேன். முதலில் புத்தகங்களைப் பற்றிச் சொன்னால்தான் அது உனக்குப் புரியும். கலங்கரை விளக்கின் காவல்காரரைப் பற்றிய புத்தகத்தைப் போன மாதம் வாசித்தோம். அதில் ஒன்றுமே நடக்காது, விளக்கேற்றுவார், அணைப்பார், மூடுபனியோடு பேசுவார். தனியாக என்றால் பாதியில் மூடியிருப்பேன். உரக்க வாசிக்கும்போது அது வேறு புத்தகம் அக்கா, மூடுபனி வரும் பக்கங்களில் என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே அம்மா எங்கோ தள்ளி மிதந்துகொண்டிருப்பாள், நாற்காலிக்குக் கீழே தண்ணீர் இருக்கிற மாதிரி நான் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அம்மா மட்டும், "தனியா இப்படிப் பொலம்புறானே, யாராவது ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டி வச்சிருக்கக் கூடாதா" என்றாள்.

அடுத்து எடுத்தது பழுப்பு அட்டை போட்ட உன் புத்தகம். கடல் தாண்டி வேலைக்குப் போன மகளுக்காக ஒரு தாய் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுகம் போவாளே, அதுதான். அவள் அழுதாள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை, ராத்திரி இரண்டு தட்டு கழுவி வைக்கிறாள் என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியை வாசித்துவிட்டு நான் பள்ளிக்கூடத்தில்கூடத் தட்டுகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடிவதற்கு மூன்று பக்கம் இருக்கும்போது கடைசிக் கப்பல் வருகிறது, எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள், மகள் இல்லை. அதை உரக்க வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் விரல் விரிப்பின் ஓரத்தில் அப்படியே நின்றிருந்தது. நான் பக்கத்தைப் பார்த்தபடியே, கடைசியாக ஒருத்தி இறங்கினாள், பச்சைச் சால்வை போர்த்தியிருந்தாள், அம்மா என்று கூப்பிட்டாள் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அம்மா அந்த முடிவை இன்னும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். இரண்டாம் தரம் மறந்துபோய் நீலச் சால்வை என்றுவிட்டேன். "போன தடவை பச்சைன்னு வாசிச்சியேடி, அதுக்குள்ள சாயம் போயிடுச்சா" என்றாள். இன்றைக்கு இந்தக் கடிதத்தைச் சொல்லி முடித்ததும், "கட்டுப் பிரிச்சதும் முதல்ல அந்தக் கடைசிப் பக்கத்தை நானே வாசிக்கணும்" என்றாள். பொய் சொன்னேன் என்று தெரிந்தால் இனி என்னை வாசிக்கவே சொல்ல மாட்டாளே என்று, அவள் தூங்கியதும் பென்சில் டப்பாவிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு அந்த மூன்று பக்கங்களை அறுக்கப் போனேன்.

கடைசிப் பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. புத்தகம் முடித்தால் அடியில் பென்சிலால் தேதி போட்டு வைப்பது அம்மாவின் வழக்கம்தானே. அங்கே அவள் கையெழுத்தில் ஒரு தேதி இருந்தது, நீ வேலைக்காக ஊரை விட்டுப் போனதற்கு அடுத்த மாதம். அவளுக்கு முடிவு தெரியும் அக்கா. தெரிந்துதான் மூன்று தரம் கேட்டிருக்கிறாள். பிளேடைத் திரும்ப வைத்துவிட்டு உண்மையான முடிவை வாசித்தேன். அந்தத் தாய் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு கழுவி வைக்கிறாள், அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் அம்மா சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் வர வேண்டாம் என்று சொல்லும்போது அவளும் என்னைப் போலத்தான் மாற்றி வாசித்தாளோ என்று இப்போது தோன்றுகிறது. பதிலில் இதைப் பற்றி எழுதிவிடாதே, உன் கடிதத்தை உரக்க வாசிப்பதும் நான்தான், இனி மாற்றி வாசிக்க எனக்குத் தைரியம் இல்லை. ஆசீர்வாதமெல்லாம் அம்மாவின் பக்கத்தில் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் என் பயம் மட்டும்தான். இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிப்பார்கள். சால்வை எந்த நிறமானாலும் பரவாயில்லை.

உன் தங்கை