மூன்றாவது பாயின்ட்

ஜூலை 6, ஞாயிறு

இனி ஆலயத்தில் இருமுவதில்லை என்று இன்று தீர்மானித்தேன். சேரம்பாடிச் சபையின் வரலாற்றில் இதற்கு இணையான முடிவு, ஆர்மோனியத்தை எடுத்துவிட்டுக் கீபோர்டு வைத்தது மட்டும்தான்.

காரணம் தனசிங். இச்சபையின் போதகர், என் கணவர். அவர் பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று பாயின்ட். கல்யாணமான புதிதில் ஒரு நாள், இரண்டாவது முடியும்போது எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. நான் படும் பாட்டைக் கண்டு, "ஜெபிப்போம்" என்று முடித்துவிட்டார். அன்றுமுதல் வாராவாரம் அதே இடத்தில் இருமுகிறேன். அவருக்கு விஷயம் தெரியாது. நோயாளிகளுக்கான ஜெபத்தில் என் பெயர்தான் முதலில்.

இன்று சாப்பிடும்போது, "யூனிஸ், என் மூணாவது பாயின்ட்டை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல" என்றார். ரசத்தைப் பார்த்துச் சொன்னார். பாவமாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நோவா. முதலில் கீழ்ப்படிதல், அடுத்து பொறுமை. மூன்றாவது, பேழையின் அளவுகள். உள்ளே அடைபட்டிருந்தவர்களின் நிலைமை எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. வெளியிலும் மழை. பிரசங்கம் முடிவதற்குள் கூடலூர் பஸ் போய்விட்டது.

முடிவில் கண்கலங்க அறிவித்தார்: "என் மனைவியோட இருமலைக் கர்த்தர் எடுத்துப்போட்டார்!" சபை கைதட்டியது. நானும் தட்டினேன். வேறென்ன செய்ய?

ஜூலை 20, ஞாயிறு

மூன்றாவது பாயின்ட்டுக்கு உட்பிரிவுகள் முளைத்துவிட்டன.

ஜூலை 23, புதன்

எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பொன்னாயி டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்கே நின்னுபோச்சுங்களே பாஸ்டரம்மா. பாஸ்டர் சொன்னப்ப எனக்குப் புல்லரிச்சுப்போச்சுங்க. இனி மாத்திரை எதுக்குங்க?"

"அது வேற இருமல், பொன்னாயி."

"ஆண்டவருக்குத் தெரியாத இருமலாங்க?"

எனக்குள்ளேயே பேசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். இத்தனை வருஷப் பிரசங்கம் யாரையாவது மாத்தியிருக்கான்னு கேலி பண்ணிக்கிட்டே இருந்தேன். கடைசியில மாத்தினது — இதையா? உண்மையைச் சொன்னா அவர் முகத்துல எப்படி முழிக்கிறது? சொல்லாட்டி இவ பிழைப்பாளா?

ஜூலை 27, ஞாயிறு

இரண்டாவது பாயின்ட் முடிந்தது. இருமினேன். சபையே திரும்பிப் பார்க்கும்படி, பொன்னாயியைப் பார்த்தபடி இருமினேன். தனசிங் வேதாகமத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்; பிறகு பொன்னாயியைப் பார்த்தார். "ஜெபிப்போம்" என்றார்.

வாசலில் பொன்னாயி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்கம்மா, திரும்ப வந்துருச்சா?"

"வந்துருச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீயும் வா."

"நான் அப்பவே நெனச்சேனுங்க. இந்த மழைக்கு எந்த அற்புதமும் தாங்காது."

ஜூலை 28, திங்கள்

பொன்னாயிக்கு மாத்திரையும் திட்டும் கிடைத்தன. எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். "எங்கே, இருமுங்க பார்ப்போம்" என்றார் டாக்டர்; இருமல் வரவில்லை.

தனசிங் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தன் பிரசங்கக் குறிப்புகளோடு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று பிரசங்கத்தை மூன்றாவது பாயின்ட்டிலிருந்து தொடங்கினார்.