வரைபடத்தில் நான் வைத்த சிவப்புப் புள்ளி

யூனியன்வில், கனடா,
18 ஒக்ரோபர்

அன்புள்ள மயூரி அக்காவுக்கு,

தங்கை சிவானி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உகண்டாக் காட்டில் நீங்களும் சுகம் என்று அறிந்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் சிம்பன்சி ஆய்வு முகாமில் தொலைபேசி எடுபடாததால் இதை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அச்சடித்துச் சாமான் வண்டியில் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். சிம்பன்சிகள் தோண்டித் தின்னும் என்று நீங்கள் எழுதிய அந்த அரிய பூவைப் பற்றிப் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்தேன். இலையே இல்லாமல் மரவேரை உறிஞ்சி வாழும் பூ என்றதும், வேலைக்குப் போகாத தன் அண்ணனைப் போல என்று றோய் சொல்ல வகுப்பே சிரித்தது. எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று, அது பூக்கும் என்று நீங்கள் சொன்ன மலைச்சரிவை வரைபடத்தில் சிவப்புப் புள்ளியால் குறித்தேன். பரிசு கிடைத்தது. அம்மா பெருமையில் அந்த வரைபடத்தைப் படம் பிடித்து ஊர்ச்சங்க வட்ஸ்அப்பில் போட்டுவிட்டா.

மூன்றாம் நாள் பிறம்ரனிலிருந்து ஊர்ச்சங்கத்து விநாயகமூர்த்தி அங்கிள் கோல் எடுத்தார். மூலிகை இறக்குமதி செய்கிறாராம். சிம்பன்சிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எந்த மாதம் பூக்கும் என்று மட்டும் கேட்டார். நான் ஆசையாக எல்லாம் சொன்னேன்.

பிறகு உங்கள் அலுவலகம் வழியாக உங்கள் கடைசிப் படங்கள் வந்தன. சிம்பன்சிகள் பூவை விரலால் கிளறிப் பாதியை விட்டுப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழியின் ஓரம் மண்வெட்டியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்து மரத்தடியில் மிருகம் பிடிக்கிற கம்பிச் சுருக்கு. நீங்கள் கவனித்தீர்களா?

இன்று அங்கிள் திரும்ப எடுத்தார். அவருடைய ஆட்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அங்கே ஒரு பிள்ளை கொப்பியோடு நின்று எல்லாவற்றையும் படம் எடுக்கிறாளாம், அது மயூரியோ என்று கேட்டார். அம்மா ஓம் ஓம் என்று, எங்கடை ஆக்கள் அங்கையும் நிக்கினமோ என்று சந்தோஷப்பட்டா. வறுத்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடலாமோ என்றும் கேட்டா. அவர் வியாழக்கிழமை உகண்டாவுக்குப் பறக்கிறார். நான் மறித்தேன். ஊராளைச் சந்தேகப்படாதே, கண்டதையும் வாசித்து உனக்கு மூளை கலங்கிப்போச்சு என்று ஏச்சு விழுந்தது.

அக்கா, அவர் கொண்டுவரும் பார்சலில் அம்மாவின் கையெழுத்துத்தான் இருக்கும். அதை நம்பி அவரோடு சரிவுக்குப் போகாதேங்கோ. மற்றவர்கள் நடுவில், முகாமிலேயே இருங்கோ. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கோ. ஆனால் நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நான் நம்ப, அதை உங்கள் கையால் எழுதி ஏசுங்கோ.

காத்திருக்கும்,
சிவானி