நிழலில் நீண்ட அவரைச் செடி

செவ்வாய்க்கிழமை, இரவு.

எனக்கு அவமானமாக இருந்தாலும், நடந்ததில் ஒன்றைக்கூட மறைக்காமல் எழுதப் போகிறேன்.

வகுப்பு ஜன்னலில் எங்கள் அவரைச் செடிகள் வெயிலில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு கப், ஒரே அளவு யூரியா. போன வாரம் பர்வீனின் செடி என்னுடையதைவிட இரண்டு விரல் உயரமாகிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னுடையது என்பதால், யாரும் இல்லாதபோது அவள் கப்பை அலமாரி நிழலுக்குள் தள்ளிவைத்தேன். என் கப்பில் இன்னும் ஒரு ஸ்பூன் யூரியா போட்டேன்.

இன்று மிஸ் அளந்தார். என் செடியின் இலைகள் ஓரமெல்லாம் கருகியிருந்தன. பர்வீனின் செடியோ வெளிச்சத்தைத் தேடி எல்லாவற்றையும்விட நீண்டிருந்தது.

"அரே வா பர்வீன், சப்சே லம்பா! ஷாபாஷ்!" என்றார் மிஸ். அவள் செடிதான் எல்லாவற்றிலும் உயரமாம். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தத் தண்டு நூல் மாதிரி மெலிந்து வெளுத்திருந்தது. அது நல்ல வளர்ச்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கப் எப்படி நிழலுக்குப் போனது என்று கேட்பாரே.

பள்ளி விட்டு டெலானிபூர் ஏற்றத்தில் வீட்டுக்கு நடந்து வரும்போது பர்வீன் சொன்னாள்: "மூஞ்சியை ஏன்டி தூக்கி வச்சிருக்கே? என் செடியை ரெண்டு பேரும் வச்சுக்கலாம். நீதானே தினம் தண்ணி ஊத்துனே, சுதா?"

அவளுக்கு இப்படிப் பேச வருகிறதே என்றுகூடப் பொறாமையாக இருந்தது.

காலையில் முதல் வேலையாக அவள் கப்பை வெயிலுக்கு நகர்த்துவேன். அவளிடம் உண்மையைச் சொல்வேனா என்று...

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.