உகண்டா போட்ட வயது எல்லை

6 நவம்பர் 2017, திங்கள்

மூடுபனி. பாடனில் ரயிலேறும்போது எதிர் மேடையே தெரியவில்லை. பேர்ணிலும் அதே கதை.

கசினோக்களைக் கண்காணிக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு புது வேலை. வெள்ளிக்கிழமை உகண்டாவிலிருந்து ஒரு சட்டத்தரணி வருகிறார். அவர்களுடைய சூதாட்டச் சட்டத்தையும் எங்களுடையதையும் ஒப்பிட்டு நான் குறிப்பு எழுத வேண்டும். கொட்டாவியோடுதான் தொடங்கினேன். அறுபதுகளில் எழுதிய இரண்டு சட்டங்களைத் தூக்கிவிட்டு 2016இல் ஒரே சட்டம். மேற்பார்வைக்கு ஒரு தேசியச் சபை. சரி, எங்கும் உள்ளதுதானே.

பிறகு வயது எல்லை. 25. அச்சுப் பிழை என்றே நினைத்தேன். வேறு பிரதியிலும் பார்த்தேன். பிழையில்லை. இங்கே சுவிஸில் 18. அங்கேயும் பதினெட்டில் வாக்குப் போடலாம், கலியாணம் கட்டலாம். பந்தயம் கட்ட மட்டும் இருபத்தைந்து வரை பொறுக்க வேண்டும். அப்படியும் ஒரு நாடு எழுதுமா! மலைத்துப்போய் இருந்தேன். கோப்பி ஆறிவிட்டது.

தம்பி நிரூவுக்கு 22.

7 நவம்பர், செவ்வாய்

மழை. வாங்க: பால், வெங்காயம், அம்மாவின் கண் மருந்து.

சனிக்கிழமைகளில் "ஷிஃப்ட்" என்று போகிறான் நிரூ. அவனுடைய தொழிற்சாலை சனிக்கிழமை பூட்டு. கசினோ திறந்திருக்கும்.

இங்கத்தைய சட்டப்படி வீட்டார் கசினோவுக்கு அறிவிக்கலாம். விசாரித்துத் தடை போட்டால், நாட்டில் எந்தக் கசினோவுக்குள்ளும் போக முடியாது. இதைக் குறிப்பில் எழுதும்போது கை நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரோ? அவன் சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போட்டிருக்கிறான். பேர் பதிஞ்சா குடுப்பாங்களோ?"

"கடன் ஏறினாத்தான் அம்மா பாஸ் குடுக்கமாட்டாங்கள். தடையாலை இல்லை."

"சும்மா இரு. ஒரு கலியாணம் கட்டினாச் சரியாயிடும்."

இந்த வீட்டில் எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்து.

10 நவம்பர், வெள்ளி

விருந்தினர் பெயர் கிரேஸ். ஐம்பது இருக்கும். குளிருக்கு இரண்டு சால்வை. எங்கள் மேலாளர் கேட்டார், இருபத்தைந்து கொஞ்சம் அதிகமில்லையா என்று.

கிரேஸ் சிரித்தார். "எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கைப்பேசியில் கட்டுகிறவனின் வயதை யார் பார்ப்பது? பிள்ளைகள் முன்னால் ஓடுகிறார்கள், சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்."

இடைவேளையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "என் மகனுக்கு இருபத்துமூன்று. இந்தச் சட்டம் வந்தபிறகுதான் அவனிடம் என்னால் 'கூடாது' என்று சொல்ல முடிந்தது. நான் சொல்லவில்லை, நாடு சொல்கிறது என்றேன்."

"கேட்டாரா?"

"கத்தினான். பிறகு அழுதான்."

எங்கோ ஒரு பாராளுமன்றத்தில் இருந்தவர்கள், இருபத்திரண்டு வயதுப் பொடியனையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் படுக்கிற நான் நினைக்கவில்லை.

ரயிலுக்கு முன் கசினோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவனுடைய பெயர், பிறந்த திகதி. அம்மாவுக்குச் சொல்லவில்லை.

2 டிசம்பர், சனி

பனி கொட்டுகிறது. அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். உடுப்புத் தோய்த்தேன்.

"ஷிஃப்ட்" போன நிரூ ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிட்டான். சப்பாத்தோடு நேரே என் அறைக்கு.

"வாசல்லை ஐடியைப் பாத்திட்டு உள்ளுக்கு விடேல்லை. சுவிஸ் முழுக்கத் தடையாம். கடிதம் போட்டவையாம், நான் உடைக்கேல்லை. நீயோ அக்கா?"

"ஓம்."

கத்தப்போகிறான் என்று கதவைச் சாத்தினேன். கத்தவில்லை. நிலத்தில் குந்திவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு கேட்டான்:

"ஏனக்கா இவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தனீ?"