இரண்டு பக்கத்தில் வந்துபோன செல்வி அக்காவுக்கு

என் தங்கமே, செல்வி அக்கா,

"அங்க மழையா?" என்று கேட்டுத்தான் உன்னிடம் போனில் பேச ஆரம்பிப்பேன். இனி எந்த ஊர் மழையைக் கேட்க? மலைக்குக் கீழே நான் இருக்கும் கஞ்சிக்கோட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள்.

ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன். எங்கள் எழுத்தாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சவால். முன்பு எழுதிய கதையில் ஓரமாக வந்துபோன ஒருவரை எடுத்து, ஒரே மாதத்தில் அவரைப் பற்றி முழு நாவல் எழுத வேண்டும். யோசிக்கவே இல்லை, உன்னைத்தான் எடுத்தேன். என் முதல் நாவலைப் படித்துவிட்டு என்ன சொன்னாய்? "ஏட்டி, எஸ்டேட் பூரா எழுதியிருக்க. நான் வாரேன், சோறு வைக்கேன், போயிருதேன். ரெண்டே பக்கமா?" உனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன்.

பாதி மாதம் போயும் உனக்கென்று ஓர் ஆசை எழுத வரவில்லை. கொழுந்து எடுத்தாய், அம்மாவைப் பார்த்துக்கொண்டாய், மழைக்காற்றில் தேயிலைக் காட்டு மரம் உன்மேல் சாய்ந்து செத்தாய். இதை வைத்து என்ன எழவு நாவல் எழுதுவது? எரிச்சலில் முத்துமாரியைக் கூப்பிட்டேன். உன் பக்கத்திலேயே நின்று கொழுந்து எடுத்தவளுக்குத் தெரியாதது இருக்குமா?

"ஒனக்குத் தெரியாதாட்டி? அந்த மழைக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டு ஒங்கிட்ட வந்துரணும்னு இருந்தா. அங்க ஒரு கம்பெனியில பேக்கிங் வேலைக்குச் சொல்லி வச்சிருந்தா. துணியெல்லாம் பைக்குள்ள வச்சாச்சு. ஒங்கம்மைதான் விடல."

ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? வீட்டில் ஒருத்தர் வேலையில் இருந்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு நமக்கு. அம்மா ரிட்டயர் ஆனதும் அதற்காகத்தானே நீ கூடையை மாட்டினாய். நீ போய்விட்டால் அவள் சட்டிபானையோடு வெளியே நிற்க வேண்டும். கடைசியில் அதுதான் நடந்தது, அக்கா. உன் காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஆமா, நாந்தான் வாசல்ல குறுக்க உக்காந்தேன். அத எழுதிராதட்டி. சொந்தக்காரங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பிறகு பாவமாக இருந்தது. பெற்றவளைச் சந்தியில் நிறுத்தி நான் என்ன நாவலாசிரியை?

அதனால் மாற்றி எழுதினேன். அம்மா உன்னை பஸ் ஏற்றிவிடுகிறாள். நீ மலை இறங்கி இங்கே வருகிறாய். முதல் சம்பளத்தில் எனக்குச் சுடிதார் எடுத்துத் தருகிறாய். குழுவில் பாராட்டித் தள்ளிவிட்டார்கள். அந்த அத்தியாயத்தை நேற்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அக்கா.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் விட்டேன்னுல்ல எழுதியிருக்க," என்றாள். "நான் விடலயேட்டி. விட்டிருந்தா எம்புள்ள இருந்திருப்பாளே. அத மாத்து. பேரையும் மாத்தாத, எம்பேரையே போடு."

மாற்றுகிறேன், அக்கா. மாதத்துக்குள் முடியாது, சவால் போனால் போகட்டும். நீ போக ஆசைப்பட்டாய் என்றும், போகவிடவில்லை என்றும் எழுதுவேன். அம்மா பேரையும் போடுவேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சின்னவள் கலா