உன் தங்கைக்காக நான் தட்டிய நூற்றெண்பது பதில்கள்

அன்பு மகள் பெரியவளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு கல் மாதிரி இருக்கிறது, அங்கே உனக்கும் அப்படியே இருக்கட்டும். மனசு எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதே. மனுஷனின் குணத்தை அளக்கிறேன் என்று கிளம்பிய உன் படிப்பின் மேல்தான் எனக்கு இப்போது ஆத்திரம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் கடிதம். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது பார்.

உன் தங்கைக்கு, நம் ஊமைக்கோட்டானுக்கு, குடிநீர் நிலையத்துக் கட்டுப்பாட்டு அறை வேலைக்கு எழுத்துத் தேர்வில் நானூறு பேரில் இரண்டாம் இடம் வந்தது உனக்குத் தெரியும். தெருவில் அவளுக்கு முதலிடம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். கடைசியாக ஒரே ஒரு படிதான் பாக்கி, குணம் பார்க்கிற கேள்வித்தாள். வீட்டிலேயே கம்ப்யூட்டரில் நூற்றெண்பது வரி வரும், ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் சரி'யில் ஆரம்பித்து 'முற்றிலும் தவறு' வரைக்கும் ஐந்து பொத்தான். சரி தப்புன்னு எதுவும் கிடையாதுடி, உள்ளதை உள்ளபடி போடு என்று நீ அவளிடம் சொன்னாயாம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. சரியும் தப்பும் இல்லாத பரீட்சையில் எதை வைத்து ஒருத்தனை எடுக்கிறான், ஒருத்தனைத் தள்ளுகிறான்? இருபத்தெட்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான், அறுந்து விழ இருந்த லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியவன், எனக்குத் தெரியாத சூட்சுமமா என்று அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் வரியே 'கூட்டத்தில் இருப்பதைவிடத் தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும்' என்று வந்தது. இந்தப் பெண் 'முற்றிலும் சரி' மேல் விரலைக் கொண்டுபோகிறாள். அடிப்பாவி, தனியா இருக்கப் பிடிக்கும்னா அப்போ வீட்லயே இருந்துக்கோம்மான்னு சொல்லிடுவானே என்று கம்ப்யூட்டர் எலியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் வாயே திறக்கவில்லை, எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். அதற்கப்புறம் நூற்றெண்பதும் என் ராஜ்ஜியம். புதியவர்களோடு பேசுவது பிடிக்குமா, முற்றிலும் சரி. பத்துப் பேர் நடுவில் முன்னே நிற்பேனா, முற்றிலும் சரி. இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, முற்றிலும் சரி. ஒருநாளும் கோபமே வந்ததில்லை, முற்றிலும் சரி. யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை என்று வந்தபோது நான் உன் சித்தியிடம் எதிர்வீட்டுத் தையல்காரன் என் சட்டைக் கையைக் குட்டையாக வெட்டிய அயோக்கியத்தனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன், பேச்சை நிறுத்தாமலேயே அதற்கும் முற்றிலும் சரி என்று தட்டினேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. 'அதிகம் பேசுபவர், முன்னிலை வகிக்க விரும்புபவர், தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் நாட்டம் மிக அதிகம், பதில்கள் நம்பத் தகுந்தவை அல்ல, இப்பணிக்குப் பொருத்தமில்லை.' யாரைச் சொல்கிறான் பார்! கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கிற பெண்ணை! உன் சித்தி அதை இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். பரவாயில்லையே, இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணி நான் கண்டுபிடிச்சதை ஒரே தாள்ல கண்டுபிடிச்சுட்டானே, இந்தப் பரீட்சை ரொம்ப நல்ல பரீட்சைங்க என்றாள். இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை இதுதான்.

அப்புறம் உனக்குப் போன் போட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை கேட்டால் நீ ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாய். மனசுக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள், ஒருத்தன் வேணும் வேணும் என்பான், ஒருத்தன் கூடாது கூடாது என்பான், நடுவில் ஒருத்தன் இரண்டு பேருக்கும் சமாதானம் பேசியே தேய்வான் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். கூட்டுக் குடும்பத்தில் நடுப்பிள்ளையாகப் பிறந்த எவனும் இதைச் சொல்வான், டாக்டர் எதற்கு? இன்னொரு கட்சி, குணம் என்பது பழக்கம்தான், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொள்வது என்கிறதாம். உங்கள் அப்பா போனதிலிருந்து பதினாறு வருஷம் என் வாயைப் பார்த்தே வளர்ந்தவள் ஏன் ஊமையானாள், உங்கள் ஆட்களைக் கேட்டுச் சொல். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பார்களாம், நான் எத்தனை கறையைப் பார்த்தாலும் கியர்பாக்ஸ் எண்ணெய்க் கசிவு என்றுதான் சொல்வேன், அதை வைத்து என் குழந்தைப் பருவத்தைக் கண்டுபிடித்துவிடுவாயா? அதுக்கு இப்போ அவ்வளவு மதிப்பில்ல சித்தப்பா, இப்போ அஞ்சு அளவுதான் என்றாய். புதுசைத் தேடுகிற ஆசை, ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் கூடக் குறைய. அதில் எது கூட இருந்தால் நல்லது என்று கேட்டேன். வேலையைப் பொறுத்தது என்றாய். அப்புறம்தான் சிரித்தாய். ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்கிற வரியெல்லாம் வலை, அப்படி ஒரு மனுஷனே உலகத்தில் கிடையாது, ஆமாம் என்று போடுகிறவர்தான் மாட்டுவார், ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேட்பார்கள் என்றாய். மரியாதையான மனுஷனுக்கு வலை விரிப்பதுதான் நீ கடல் தாண்டிப் போய்ப் படித்த படிப்பா? ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னது பொய்.

இன்னும் கேள். அந்த அறையில் வேலை என்னவென்று பம்பு ஆபரேட்டர் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். இரண்டே பேர், எட்டு மணி நேரம், எதிரே அழுத்தம் காட்டுகிற முள். முள் நாலு புள்ளி இரண்டு காட்டினால் நாலு புள்ளி இரண்டு என்று எழுத வேண்டும், ஒரு சொட்டு கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. வாயாடி வந்தா எங்களுக்குத் தலைவலிங்க, கம்முனு இருக்கிற ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம் என்றார் அந்த ஆள். கேட்டாயா? அவள் விரல் முதலில் எங்கே போனதோ அங்கேயே விட்டிருந்தால் வேலை அவளுடையது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் வேறு யாருமில்லை.

அந்தப் பதில் வந்ததிலிருந்து ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவ எப்போ பேசினா, எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு என்று உன் சித்தி கேட்டாள். தெரியும். முன்பெல்லாம் நான் அளந்து விடும்போது தலையைக் குனிந்துகொண்டு உதட்டுக்குள் சிரிப்பாள். இப்போது தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

பத்தாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு தேர்வு நடத்திய அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு என்ன விஷயம் என்றார். பதில் போட்டது நான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்குக் கை ஒடிஞ்சிருந்துச்சு மேடம், அதனாலதான் என்று வாய் தானாகவே தொடர்ந்துவிட்டது. எந்தக் கை என்றார் அந்த அம்மாள். வலது கை என்றேன். உன் தங்கை வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். ஒடியல மேடம், எனக்கு வேலை கிடைக்காதுன்னு சித்தப்பா பயந்துட்டாரு என்றாள். நானா பயந்தவன்? வெளியே வந்து தெருமுனை வரைக்கும் கத்தினேன். அவள் கூடவே நடந்தாள். பேருந்து நிறுத்தம் வருவதற்குள் எனக்குக் கத்த எதுவும் இல்லாமல் போய்விட்டது.

பதில் போட்டவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தங்கள் அறையிலேயே, தங்கள் கண்முன்னால் மறுபடியும் எழுத விடுவதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தார். நான்கு பக்கம் எழுதினேன், என் சேவைக்காலம், லிஃப்டைப் பிடித்த கதை, தகப்பனில்லாப் பிள்ளை, நல்லெண்ணம் எல்லாம் போட்டு. உன் தங்கை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாக அடித்தாள். அந்த லிஃப்ட் தரைத்தளத்தில்தான் நின்றிருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரே வரி, 'நூற்றெண்பது பதில்களும் நான் போட்டவை.' அதன்கீழே அவளே ஒரு வரி எழுதி என் பக்கம் தள்ளினாள், 'அவள் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள்.' உன்னிடம் நான் இதைச் சொல்லவில்லை, உன் சித்தியிடமும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை என்று இந்தக் கடிதத்திலும் மேலே எழுதியிருக்கிறேன், அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். முதல் தரம் மெதுவாகச் சொன்னாள், இரண்டாம் தரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், மூன்றாம் தரம் எழுந்து நின்று சொன்னாள். எல்லாம் என் காதில் விழுந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு எழுதுகிறாள். அதற்கு முன்னால் போன் செய்து அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதே, நானும் சொல்லமாட்டேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் நன்றாக இருக்க வேண்டும், உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வாசல் வரைக்கும் வாங்க சித்தப்பா, உள்ளே வேண்டாம் என்று உன் தங்கை இன்று காலையில் சொன்னாள். ஒரு தரம்தான் சொன்னாள்.

இப்படிக்கு,
வாசலோடு நிற்கப்போகும்
உன் சித்தப்பா